தாய்க்கொட்டாரம்: அரண்மனைக்குள் நிற்கும் ஒரு வீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலையை ஒட்டி, வேளிமலையின் அடிவாரத்தில் உள்ள பத்மநாபபுரம் கோட்டைக்குள், 6 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் பரந்து கிடக்கும் அரண்மனை, மரவேலைக்குப் பெயர் பெற்ற தென்னிந்தியக் கட்டடங்களில் முதலிடத்தில் வைத்துப் பேசத்தக்கது. அதைக் காண வருவோரில் பெரும்பாலோர் நுழைவாயிலாகிய பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கையும், மணிமாளிகையின் கடிகாரத்தையும், 64 வகை மூலிகை மரத்துண்டுகளால் ஆனதாகச் சொல்லப்படும் கட்டிலையும், ஆயிரம் பேர் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணக்கூடிய ஊட்டுப்புரையையும் பார்த்துவிட்டு, வழியில் குறுக்கிடும் தாழ்ந்த கூரையுடைய ஒரு பகுதியை விரைவாகக் கடந்துவிடுகின்றனர். தாய்க்கொட்டாரம் எனப்படும் அந்தப் பகுதியே வளாகம் முழுவதிலும் மிகப் பழையது. 1550-ஐ ஒட்டிய காலத்தது என்று பொதுவாகக் கணிக்கப்படுவது. அரண்மனை என்ற சொல்லுக்கு மனத்தில் எழும் உயரமும் பளபளப்பும் அதில் இல்லை. வசதி படைத்த ஒரு நிலவுடைமைக் குடும்பத்தின் வீடு எப்படி இருக்குமோ அப்படித்தான் அது இருக்கிறது. ஆனால் பிற்காலத்தில் அதைச் சுற்றி எழுந்த மாளிகைகள் எல்லாம் அந்த வீட்டின் அளவையும் கூரையையும் முற்றத்தையும் திரும்பத் திரும்பப் பெருக்கிக் கட்டியவையே என்பதால், அரண்மனையைப் புரிந்துகொள்ள விரும்புவோர் முதலில் நின்று பார்க்க வேண்டிய இடம் அதுவே.

கொட்டாரம் என்பது குமரி மாவட்டத் தமிழிலும் மலையாளத்திலும் அரசர் உறைவிடத்தைக் குறிக்கும் சொல். தாய்க்கொட்டாரத்தின் அமைப்பு, அப்பகுதியின் பழைய பெருவீடுகளுக்கு உரிய நாலுகெட்டு என்னும் வகையைச் சேர்ந்தது. நாலுகெட்டு என்றால் நான்கு கட்டு. அதாவது, வானம் பார்த்த ஒரு நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு திசையிலும் நான்கு கட்டடங்களை எழுப்பி, மூலைகளில் அவற்றை இணைத்து ஒரே வீடாக்குவது. வடக்குக் கட்டு வடக்கினி, தெற்குக் கட்டு தெக்கினி, கிழக்குக் கட்டு கிழக்கினி, மேற்குக் கட்டு படிஞ்ஞாற்றினி என்று பெயர் பெறும். சமையல் பெரும்பாலும் வடக்குப் பக்கத்தில் நடப்பதும், நெல்லும் நகையும் காக்கும் அறைகள் மேற்கிலோ தெற்கிலோ அமைவதும் வழக்கம். செல்வமும் ஆட்களும் பெருகிய குடும்பங்கள் இரண்டு நாலுகெட்டுகளைச் சேர்த்து எட்டுக்கெட்டாகவும், அதையும் இரட்டித்துப் பதினாறுகெட்டாகவும் வீட்டை வளர்த்துக்கொண்டன. பழைய வீட்டை இடிக்காமல் அதன் பக்கத்திலேயே இன்னொரு முற்றத்தைத் தொடங்கும் இந்த வளர்ச்சி முறைதான் பத்மநாபபுரம் முழுவதற்கும் அடிப்படை. ஒரே வரைபடத்தில் சிந்தித்துக் கட்டிய வளாகமாக அது இல்லாமல், தாழ்வாரம் தாழ்வாரமாக, படி ஏறியும் இறங்கியும், திடீரென ஒரு முற்றத்தில் வெளிச்சம் கண்டும் நடக்க வேண்டியதாக இருப்பதன் காரணமும் அதுவே.

இத்தகைய வீட்டைக் கட்டுவதற்கு எழுதப்பட்ட இலக்கணமும் இருந்தது. கோயில் கட்டுமானத்தையும் வழிபாட்டையும் பேசும் தந்திரசமுச்சயம் 15-ஆம் நூற்றாண்டிலும், மனிதர் வாழும் வீட்டுக்கென்றே எழுதப்பட்ட மனுஷ்யாலய சந்திரிகை 16-ஆம் நூற்றாண்டிலும் கேரளத்தில் தோன்றின. இவ்விரண்டும் சமஸ்கிருத நூல்கள் என்றாலும், அவை சொல்லும் கணக்கு, ஓலைச்சுவடியைத் தொட்டறியாத தச்சர்களின் வாயிலும் கைக்கோலிலும் தலைமுறைகளாக வாழ்ந்து வந்தது. அளவின் அலகு கோல். ஒரு கோலுக்கு 24 விரல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். ஒரு கட்டின் சுற்றளவை எத்தனை கோலாக வைப்பது என்பதைத் தச்சர் தம் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் வரும் மீதிக்கு யோனி என்று பெயர். மீதி 1, 3, 5, 7 என ஒற்றைப்படையாக வந்தால் அந்த அளவு கொள்ளத்தக்கது, இரட்டைப்படையாக வந்தால் தள்ளத்தக்கது. நான்கு ஒற்றை எண்களும் நான்கு திசைகளுக்கு உரியவை. 27 கோல் சுற்றளவு என்றால் மும்மடங்கு 81. எட்டால் வகுக்க மீதி 1, ஆகவே அது நல்ல அளவு. 28 கோல் என்றால் மும்மடங்கு 84; மீதி 4, ஆகவே அது ஆகாது. இதை வெறும் சகுன நம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் செயல்முறையில் இந்த விதி செய்த வேலை வேறு: எண்ணற்ற அளவுகளில் சிலவற்றை மட்டும் அனுமதித்ததால், உத்தரத்தின் நீளம், தூணின் இடைவெளி, கூரையின் சரிவு எல்லாம் தச்சருக்கு முன்கூட்டியே தெரிந்த அளவுகளுக்குள் அடங்கின. வரைபடத் தாள் இல்லாமலே பல தச்சர்கள் தனித்தனியே செதுக்கிய உறுப்புகள் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்துவதற்கு இந்தக் கட்டுப்பாடு பெரிதும் துணை நின்றது.

குமரி மாவட்டத்துக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. ஆண்டில் இருமுறை மாதக்கணக்கில் நனையும் ஊரில் மரத்தால் வீடு கட்டுபவருக்கு முதல் கவலை சுவரைப் பற்றியது அல்ல, கூரையைப் பற்றியது. மரம் எடையால் கெடுவதைக் காட்டிலும் ஈரத்தால் கெடுவதே மிகுதி. ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சையும் கறையானும் சேர்ந்துகொள்ளும். எனவே நாலுகெட்டின் கூரை, வீட்டுக்கு மேல் வைத்த மூடி என்ற நிலையைத் தாண்டி, வீட்டின் பெரும்பகுதியாகவே ஆகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது கண்ணுக்கு முதலில் படுவது செங்குத்தான ஓட்டுச் சரிவு. சுவர் அதன் நிழலுக்குள் பதுங்கி நிற்கிறது. இறவாரம் ஆள் உயரத்துக்குத் தாழ்ந்து வருவதால், மழை எவ்வளவு சாய்ந்து அடித்தாலும் சுவரின் அடியையும் தூணின் பாதத்தையும் எளிதில் தொடுவதில்லை. தூண்களும் மண்ணில் ஊன்றப்படாமல் கல் பீடத்தின்மேல் நிற்கின்றன. உள்ளே நான்கு கூரைகளும் முற்றத்தை நோக்கிச் சரிந்து, பெய்யும் மழையை ஒரே இடத்தில் கொட்டுகின்றன. முற்றம் சுற்றுத் திண்ணையைவிடத் தாழ்ந்திருப்பதால், அந்த நீர் திண்ணையில் ஏறாமல் மடை வழியே வெளியேறிவிடுகிறது.

இந்தக் கூரையின் எலும்புக்கூட்டைச் சற்று அருகே நின்று பார்ப்பது தகும். சுவரின் மேலோ தூண்களின் மேலோ கிடையாக ஓடும் தடித்த மரம் உத்தரம். கூரையின் உச்சியில் கிடக்கும் மரம் மோட்டுவளை. மோட்டுவளையிலிருந்து உத்தரத்தின் மேலாக இறவாரம் வரை சரிவாக இறங்கும் மரங்கள், தமிழகத்தின் பிற பகுதிகளில் கைமரம் என்றும், இங்கே கழுக்கோல் என்றும் அழைக்கப்படுகின்றன. கழுக்கோல்களின் கீழ்நுனிகளை ஒரு பலகை வரிசையாகப் பிணைத்து நிற்கிறது. இவற்றுக்கு மேல் குறுக்குச் சட்டங்கள் அடித்து ஓடு வேய்வார்கள். இதுவரை எல்லா ஓட்டு வீடுகளுக்கும் பொதுவானதுதான். இப்பகுதித் தச்சரின் திறன் வெளிப்படும் இடம், கழுக்கோல்களின் நடுவே ஊடுருவிச் செல்லும் வளை என்னும் மெல்லிய சட்டமாகும். ஒவ்வொரு கழுக்கோலிலும் ஒரு துளையிட்டு, எல்லாத் துளைகளின் வழியாகவும் அந்தச் சட்டத்தை ஊசியில் நூல் கோப்பதுபோல் கோத்துவிட்டால், தனித்தனியாக நின்ற கழுக்கோல்கள் ஒரே சட்டகமாகி, காற்றடித்தாலும் பக்கவாட்டில் சாயாமல் நிற்கும்.

நேரான கூரையில் இது கடினமன்று. ஆனால் இரண்டு கட்டுகள் கூடும் மூலையில் கூரை திரும்பும்போது, கழுக்கோல்கள் மோட்டின் முனையிலிருந்து விசிறிபோல் விரிந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றின் நீளமும் வேறு, சரிவும் வேறு. ஆகவே ஒவ்வொன்றிலும் துளை வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு கோணத்தில் விழ வேண்டும். இத்துளைகள் கூரையில் ஏற்றிய பிறகு இடப்படுபவை அல்ல. தரையில் கிடத்தி, கணக்குப் பார்த்து, முன்கூட்டியே இடப்படுபவை. பத்துக் கழுக்கோல்களில் ஒன்றின் துளை ஒரு விரற்கிடை பிசகினாலும் வளை உள்ளே நுழையாது. தாய்க்கொட்டாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஒருவர், மங்கிய வெளிச்சத்துக்குக் கண் பழகிய பிறகு, மூலையில் விரியும் கழுக்கோல்களின் ஊடே அந்தச் சட்டம் தடையின்றி வளைந்து திரும்புவதைக் காணலாம். செதுக்கு வேலைப்பாடு எதுவும் அங்கே இல்லை. ஆயினும் அரண்மனையில் உள்ள எந்தச் சிற்பத்துக்கும் குறையாத அறிவு அந்தத் துளைகளின் வரிசையில் அடங்கியிருக்கிறது.

இணைப்புகளில் இரும்பு ஆணிக்கு இடம் மிகக் குறைவு. ஒரு மரத்தின் நுனியை நாக்குப்போல் செதுக்கி, மற்றொரு மரத்தில் அதற்கேற்ற குழி தோண்டிச் செருகி, இரண்டையும் ஊடுருவும்படி மரமுளை அடித்து இறுக்குவதே முறை. ஈரமான காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். துரு மரத்தை அரிக்கும். ஆணி அடித்த இடத்தில்தான் மரம் முதலில் பிளக்கும். மரமுளையோ, மழைக்காலத்தில் தன்னைச் சுற்றியுள்ள மரத்தோடு சேர்ந்து ஊதி, கோடையில் அதனோடு சேர்ந்து சுருங்கும். அதைவிட முக்கியமான பயன் ஒன்றும் உண்டு. முளையைத் தட்டி எடுத்துவிட்டால் உறுப்புகளைச் சேதமின்றிப் பிரித்துவிடலாம். கட்டடத்தை இடிக்காமலே ஒரு கழுக்கோலை மட்டும் மாற்றலாம். ஒரு வீட்டையே பிரித்து வேறோர் ஊரில் எழுப்பலாம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், கோட்டயம் அருகே புதுப்பள்ளியிலிருந்து பிரித்தெடுத்துக் கொண்டுவரப்பட்ட சிரியன் கிறித்தவர் வீடு இன்று மீண்டும் முழு வீடாக நிற்பது இதற்குக் கண்கூடான சான்று.

எந்த மரம் எங்கே பயன்பட்டது என்பது தச்சரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததாக இருக்கவில்லை. இப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை ராஜ மரங்களாகக் கருதப்பட்டன. தனியார் நிலத்தில் வளர்ந்தாலும் அவை அரசுக்கே உரியவை. ஆகவே ஊர் வீடுகள் பெரும்பாலும் பலாவையும், அதன் உறவு மரமும் குமரி வழக்கில் அயனி எனப்படுவதுமான ஆஞ்ஞிலியையும், வைரம் பாய்ந்த பனையையும் நம்பி எழுந்தன. பனை கழுக்கோலுக்கு ஏற்றது. அயனி நெடிய பலகைக்கும் உத்தரத்துக்கும் ஏற்றது. பலா இரண்டுக்கும் பயன்படுவதோடு, செதுக்குவதற்கு வாகாக இழை நெருங்கியது. அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும் பலாமரம் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுத்துச் செம்பழுப்பாகி, எண்ணெய் பூசப் பூச ஏறத்தாழக் கறுத்துவிடும். மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியைத் தள்ளிவிட்டு வைரப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதும், குளத்து நீரில் ஊறப்போட்டுப் பின் நிழலில் உலர்த்துவதும், முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயைப் பூச்சிக்கு எதிராகப் பூசுவதும் இப்பகுதியின் பழைய பழக்கங்கள். முந்திரி போர்ச்சுக்கீசியரோடு 16-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த மரம் என்பதை நினைத்தால், தொன்மையானதாகத் தோன்றும் இந்தத் தொழில் புதியதையும் எவ்வளவு விரைவாகத் தனதாக்கிக்கொண்டது என்பது விளங்கும்.

பலாவில் செதுக்கு எந்த அளவுக்குச் செல்லும் என்பதைக் காட்டுவது தாய்க்கொட்டாரத்தின் ஒரு மூலையில் உள்ள ஏகாந்த மண்டபம். தனித்து அமர்ந்து வழிபடுவதற்குரிய இடம் என்பதே பெயரின் பொருள். அங்கே நிற்கும் தூண் ஒரே பலாமரத்தில் கடையப்பட்டது. அடி முதல் தலை வரை கொடியும் இதழும் மொட்டுமாக நிறைந்தது. தூணின் உடலை வெட்டி வெட்டிப் பூவாக்கிய பிறகும் அது கூரையின் பாரத்தைத் தாங்கியபடி நிற்கிறது. எந்த இடத்தில் உளியை நிறுத்த வேண்டும் என்பதை அறிந்த கை அது. அரண்மனையின் நுழைவாயிலாகிய பூமுகத்தின் தேக்கு விதானத்தில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத 90 மலர்கள் செதுக்கப்பட்டுள்ளன என்பர். அது விருந்தினர் கண்ணுக்காகச் செய்த வேலை. ஏகாந்த மண்டபத்துத் தூணோ வீட்டின் உட்புறத்தில், அரைவெளிச்சத்தில், வழிபட வருவோர் மட்டும் காணும்படி நிற்பது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், தூணின் வேலைப்பாடே ஆழமானதாகத் தோன்றுகிறது.

அந்த அரைவெளிச்சமும் திட்டமிட்டு அமைத்ததே. இக்கட்டடங்களின் சாளரங்கள் பெரும்பாலும் சாய்வாகச் செருகிய மரப்பட்டிகளால் ஆனவை. காற்று உள்ளே வரும், மழையும் வெயிலும் வாரா, உள்ளிருப்போர் வெளியே பார்க்கலாம், வெளியிலிருப்போருக்கு உள்ளே தெரியாது. கூரையின் முக்கோண முகப்பில் உள்ள இடைவெளிகள் வழியே, மேலே திரளும் வெப்பக் காற்று வெளியேறுகிறது. முற்றத்திலிருந்து வரும் ஒளி நேரே முகத்தில் படாமல், மெருகேறிய தரையில் பட்டு எதிரொளித்து விதானத்துக்கு ஏறுகிறது. கண்ணாடிபோல் மின்னும் அந்தக் கருந்தரை சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக்கரி, முட்டையின் வெண்கரு, செடிச்சாறு முதலியவற்றைக் கலந்து பூசி, நாட்கணக்கில் தேய்த்து மெருகிட்டுச் செய்யப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்முறை. கூரைக்கடியில் வெளிச்சம் குறைவான வீட்டுக்குத் தரையையே விளக்காக்கிய அறிவு அது.

இந்த வீட்டைச் சுற்றி அரண்மனை எழுந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. பின்னாளில் திருவிதாங்கூராக விரிந்த வேணாட்டின் அரசர்களுடைய இருப்பிடங்களில் ஒன்றாக, அன்று கல்குளம் எனப் பெயர் பெற்றிருந்த இவ்வூர் இருந்தது. 1592 முதல் 1609 வரை ஆண்ட இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601-ஐ ஒட்டி இங்கே அரண்மனைப் பணியையும் மண்கோட்டையையும் தொடங்கினார் என்று வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அப்போதே தாய்க்கொட்டாரம் அரை நூற்றாண்டு கண்டிருந்தது. 1729-இல் ஆட்சிக்கு வந்த அனிழம் திருநாள் மார்த்தாண்டவர்மா, அண்டையிலிருந்த சிற்றரசுகளை ஒவ்வொன்றாக இணைத்துச் சிறிய வேணாட்டைத் திருவிதாங்கூர் என்னும் பெரிய நாடாக்கினார். 1741-இல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்து, சிறைப்பட்ட அதன் தளபதி டிலன்னாயைக் கொண்டே தம் படையைப் பயிற்றுவித்தார். டிலன்னாயின் கல்லறை பக்கத்தில் உள்ள உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. மண்கோட்டை கருங்கல் கோட்டையாகியதும், ஊர் பத்மநாபபுரம் ஆகியதும் இவர் காலத்தில். 1750 ஜனவரியில் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கி, தாம் அக்கடவுளின் தாசராக மட்டும் ஆள்வதாக உறுதி கூறினார். அதே காலத்தை ஒட்டி எழுந்த நான்கடுக்கு உப்பரிகை மாளிகையில், அடித்தளம் கருவூலமாகவும், அதன்மேல் அரசரின் படுக்கையறையும், உச்சித்தளம் சுவரோவியங்கள் சூழ்ந்த பத்மநாபரின் வழிபாட்டிடமாகவும் அமைந்தன.

தாய்க்கொட்டாரத்திலிருந்து புறப்பட்டு உப்பரிகை மாளிகை வரை நடப்பவர் 200 ஆண்டுகளைக் கடந்து செல்கிறார். உயரம் கூடியிருக்கிறது, பலாவோடு தேக்கு சேர்ந்திருக்கிறது, அரசரின் ஆலோசனைக் கூடமாகிய மந்திரசாலையின் சாளரங்களில் வண்ண அபிரகத் தகடுகள் வந்திருக்கின்றன, யானை அம்பாரியின் வடிவில் தெருவை நோக்கிப் பிதுங்கி நிற்கும் அம்பாரி முகப்பில் அரசர் ஊர்வலம் பார்க்க இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் கூரை அதே கூரைதான். நாட்டின் எல்லை கொச்சி வரை நெருங்கிய பின்பும், ஐரோப்பியரை வென்று அவர்களுடைய படைக்கலையைக் கற்ற பின்பும், அரசர் தாம் வாழ்வதற்கெனக் கட்டிக்கொண்டது கல்தூண் மண்டபமோ வளைவுக் கூடமோ அன்று. தம் முன்னோரின் வீட்டையே அடுக்கி உயர்த்தியது. அரச பெருமையைக் காட்டப் பொருளையும் பரப்பையும் நாடாமல், பழகிய வடிவத்தை மேலும் நுட்பமாக்கிய இந்த அடக்கமே பத்மநாபபுரத்தின் தனிச்சிறப்பு.

1795-இல் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. ஊருக்கு அது இழப்பு. கட்டடத்துக்கு அது காப்பாக அமைந்தது. அரசர் தொடர்ந்து அங்கே வாழ்ந்திருந்தால், 19-ஆம் நூற்றாண்டில் பிற அரண்மனைகளுக்கு நேர்ந்ததுபோல் ஐரோப்பிய முகப்பும் கண்ணாடிக் கதவும் பழைய மரவேலையை விழுங்கியிருக்கும். ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னூற்று நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் வழக்கம் மட்டும் பழைய தலைநகரையும் புதிய தலைநகரையும் இன்றளவும் இணைத்து வருகிறது.

தாய்க்கொட்டாரம் என்ற பெயரில் தாய் இருப்பது தற்செயல் அல்ல. திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் அரசுரிமை மகனுக்குச் செல்லாமல் சகோதரியின் மகனுக்குச் சென்றது. குடும்பம் தாயின் வழியே தொடர்ந்தது. இந்த மருமக்கள்வழி முறை நாயர் குடும்பங்களிலும், நாஞ்சில் நாட்டுத் தமிழ் வேளாளரிடமும் நிலவியது. நாலுகெட்டு அந்த வாழ்க்கைக்கு ஏற்ற வீடு: தாய், அவளுடைய சகோதரிகள், பிள்ளைகள், குடும்பத்தை நிர்வகிக்கும் தாய்மாமனாகிய காரணவர் என ஒரே முற்றத்தைச் சுற்றிப் பலர் வாழ்ந்தனர், சொத்தும் பிரியவில்லை, சமையலும் பிரியவில்லை. அந்த ஏற்பாட்டின் கசப்புகளும் குறைவல்ல என்பதை, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் தமிழருக்கு நன்கு உணர்த்தியிருக்கிறது. 1925-இல் நாயர்களுக்கும், 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் இயற்றப்பட்ட திருவிதாங்கூர்ச் சட்டங்கள் குடும்பச் சொத்தைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வழி திறந்தன. தந்தை தம் பிள்ளைகளுக்குச் சொத்து விடும் உரிமை பெற்றது நியாயமான மாற்றமே. ஆனால் நிலத்தைப் பங்கிடுவதுபோல் முற்றத்தைப் பங்கிட முடியாது. எட்டுப் பங்காளிகளுக்கு உரிமையான ஒரு வீட்டில் ஓடு மாற்றும் செலவை ஏற்க எவரும் முன்வராதபோது, கழுக்கோலில் நீர் இறங்கியது. இறுதியில் வீடு பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் விதானப் பலகையும் விலைக்குப் போயின. எளிதில் பிரித்தெடுக்கலாம் என்ற அதே நற்குணம் இங்கே அவ்வீடுகளின் அழிவை விரைவுபடுத்தியது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலாது. இந்த அழகு எல்லாருக்கும் உரியதாக இருந்ததில்லை. திருவிதாங்கூரில் நாடார், ஈழவர் உள்ளிட்ட சாதியினர் ஓட்டு வீடோ மாடி வீடோ கட்டிக்கொள்ள நெடுங்காலம் தடை இருந்தது. அவர்கள் ஓலைக் கூரையின்கீழ் வாழ்ந்தார்கள். ஊழியம் என்ற பெயரில் கூலியின்றி வேலை வாங்கும் முறையில், மரம் இழுப்பதும் அடங்கியிருந்தது. மலையிலிருந்து உத்தரத்துக்கான மரத்தை இழுத்து வந்த கைகளின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. உளி பிடித்த ஆசாரிகளின் பெயர்களும் தூண்களில் பொறிக்கப்படவில்லை. மரவீட்டைப் போற்றும் நூல்கள் இச்செய்தியை அடிக்குறிப்பாகக்கூடச் சேர்க்காமல் விடுவது முறையன்று.

1930-களில், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் காலத்தில், திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த ஆர். வாசுதேவ பொதுவாளின் முயற்சியால் பத்மநாபபுரம் சீரமைக்கப்பட்டு, அருங்காட்சியகமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலப் பிரிவினையில் கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை, விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, ஊர் தமிழகத்துக்கு வந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது. தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு பேணும் கட்டடம் என்ற இந்த நிலை சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஒரு நிலப்பகுதியின் வீட்டுக்கு அது பொருத்தமற்றது அன்று. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் இவ்வரண்மனை 2014-இல் இடம்பெற்றது.

மரவீட்டைப் பேணுவது கல் கட்டடத்தைப் பேணுவதைப் போன்றதன்று. கல் கோயிலை ஒரு தலைமுறை கவனிக்காமல் விட்டாலும் அடுத்த தலைமுறை வந்து புல் பிடுங்கிச் சரிசெய்துகொள்ளலாம். மரவீட்டில் ஓர் ஓடு விலகி இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டால், அதன் அடியில் உள்ள கழுக்கோலின் நுனி மாவாகிவிடும். அதனால்தான் பழைய வீடுகளில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்கு மழை இறங்குவதற்கு முன், சித்திரை வைகாசி வெயிலில், கூரையில் ஏறி ஓடுகளைப் பிரித்து, பாசி சுரண்டி, உடைந்ததை மாற்றி, மீண்டும் வேய்வது ஆண்டு வேலையாக இருந்தது. அப்போது ஆசாரியும் உடன் ஏறுவார். சுத்தியலின் பின்புறத்தால் ஒவ்வொரு கழுக்கோலையும் தட்டிக்கொண்டே செல்வார். கெட்டியான மரம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே உளுத்தது சொத்தென்று ஒலிக்கும். உளுத்ததைக் கண்டால், வளையை அந்த இடம் வரை உருவி, பழைய கழுக்கோலைக் கழற்றித் தரையில் கிடத்தி, அதன் பக்கத்திலேயே புதிய மரத்தை வைத்துத் துளையின் இடத்தையும் சாய்வையும் குறித்துக்கொண்டு, செதுக்கி முடித்து ஏற்றி, வளையை மறுபடி தள்ளுவார். அது தடங்கலின்றி நுழைந்து அடுத்த கழுக்கோலின் பழைய துளையில் தலைகாட்டிய பிறகே கீழே நிற்பவர்கள் ஓடுகளை மேலே எடுத்துக் கொடுக்கத் தொடங்குவார்கள்.